கருப்பை போன பிறகும் திரும்பி வந்த இறக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது எங்கள் பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருந்த ஒரே ஒரு வரி: "இருபக்க லிகமென்ட் முனைகளும் வால்ட் மூலைகளில் கட்டப்பட்டன." யோனியின் முன்சுவரை எப்படிப் பிரித்தோம், எப்படித் தைத்தோம் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தோம். கருப்பையை எடுத்த பிறகு மிஞ்சும் யோனியின் உச்சியை (வால்ட்) எந்தத் தாங்கும் நாரில் (லிகமென்ட்) தொங்கவிட்டோம் என்பதற்கு அந்த ஒரு வரிதான். கருப்பை இறக்கத்துக்காக அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண், 26 மாதங்கள் கழித்து அதே புகாரோடு எங்களிடமே திரும்பி வந்தார். அவர் யாரென்று தெரியாதபடி சில தனிப்பட்ட விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

முதல் முறை

அப்போது அவருக்கு 54 வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் யோனி வழிப் பிரசவம். முதல் குழந்தையை மட்டும் ஆயுதம் போட்டு எடுத்திருக்கிறார்கள். 49 வயதில் மாதவிடாய் நின்றது. "காலையில ஒண்ணும் தெரியாது டாக்டர். சாயங்காலம் ஆனா அடியில ஒரு உருண்டை வந்து நிக்குது, உட்காரவே முடியல" என்றார். சிறுநீர் முழுதாகப் போக வேண்டுமானால் அந்த உருண்டையை விரலால் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. ஏழெட்டு வருடமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இறக்கத்தை அளக்க நாங்கள் பயன்படுத்துவது 1996ல் வந்த பாப்-க்யூ முறை. யோனி வாயில் ஹைமன் என்ற சவ்வு இருக்கும் வட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, முக்கவைக்கும்போது யோனிச் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் எத்தனை சென்டிமீட்டர் உள்ளே நிற்கிறது, எத்தனை வெளியே வருகிறது என்று குறிக்க வேண்டும். உள்ளே இருந்தால் கழித்தல், வெளியே வந்தால் கூட்டல். அன்றைய அளவுகள்: முன்சுவரின் அதிகபட்ச இறக்கம் +4, கருப்பை வாய் +1, அதன் பின்பக்க மடிப்பு −3, பின்சுவர் −1. யோனி வாயின் முன்பின் அளவு 5 செ.மீ., யோனியின் மொத்த நீளம் 9 செ.மீ. ஆக, மூன்றாம் நிலை இறக்கம்.

யோனி வழியாகக் கருப்பையை எடுத்தோம், சிறுநீர்ப்பை தாங்கும் முன்சுவரை மடித்துத் தைத்தோம். ரத்த இழப்பு குறைவு, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். ஆறாவது வாரப் பரிசோதனையில் எல்லாம் அழகாக இருந்தது. ஆறாவது வாரத்தில் எல்லா அறுவை சிகிச்சையும் அழகாகத்தான் இருக்கும்.

என்ன விட்டுப்போனது

கருப்பை இறங்கிவிட்டது, அதனால் கருப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது நோயாளிகள் மட்டும் நம்பும் கணக்கு இல்லை. மருத்துவர்களும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். உண்மையில் கருப்பை தானாக இறங்குவதில்லை. அதைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்ததால் இறங்குகிறது. பிடி அப்படியே தளர்ந்திருக்க, கருப்பையை மட்டும் எடுத்தால், அடுத்து இறங்குவது யோனியின் உச்சி.

அமெரிக்க மருத்துவர் டிலான்சி 1992ல் யோனியின் தாங்குதலை மூன்று மட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். மேல்மட்டத்தில் யூட்டரோசாக்ரல், கார்டினல் லிகமென்ட்கள் உச்சியைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் இழுத்துப் பிடிக்கின்றன. நடுமட்டத்தில் யோனிச் சுவர் இருபக்கமும் இடுப்புச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. கீழ்மட்டத்தில் பெரினியம், அதாவது யோனி வாய்க்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி. கொடியில் ஈரப் போர்வை தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடியின் ஒரு முனை அவிழ்ந்து போர்வை தரையைத் தொட்டால், போர்வையின் நடுவில் நாலு தையல் போட்டுச் சுருக்குவதில் என்ன பயன்? நாங்கள் செய்தது ஏறக்குறைய அதுதான். முன்சுவரைச் சுருக்கினோம், உச்சியை ஏற்கெனவே நைந்து நீண்டுபோன லிகமென்ட் முனைகளில் கட்டினோம். அந்த லிகமென்டையே இன்னும் மேலே, இஸ்கியல் முள் என்ற எலும்பு முனையின் மட்டத்தில், உறுதியாக இருக்கும் இடத்தில் பிடித்திருக்கலாம். அல்லது 1957ல் மெக்கால் விவரித்தபடி இரண்டு லிகமென்டையும் நடுவில் சேர்த்துத் தைத்து உச்சியை அதில் மாட்டியிருக்கலாம். செய்யவில்லை.

இரண்டாவதாக, 5 செ.மீ. அகலமாகத் திறந்திருந்த யோனி வாயை அப்படியே விட்டுவிட்டோம். ஆயுதப் பிரசவத்தில் இடுப்புத்தளத்தைத் தாங்கும் லெவேட்டர் தசை இடுப்பு எலும்பிலிருந்து பிய்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். அந்தத் தசை தாங்காதபோது வாய் அகலும், வயிற்று அழுத்தம் முழுவதும் லிகமென்ட்கள் மேல் விழும். எவ்வளவு நாள் தாங்கும்?

முன்சுவரை மட்டும் தைத்து உச்சியை விட்டுவிடுவதன் விலை என்ன என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அமெரிக்க மெடிகேர் காப்பீட்டில் இருந்த பெண்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2013ல் வெளியான ஆய்வில், முன்சுவர் தையல் மட்டும் செய்துகொண்டவர்களில் 20.2 சதவீதம் பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கூடவே உச்சியையும் தூக்கிக் கட்டியவர்களில் அது 11.6 சதவீதம். எங்கள் நோயாளி அந்த முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கருப்பையை எடுத்தோம் என்பது உச்சியைத் தூக்கியதாக ஆகாது.

இரண்டாவது வருகை

இந்த முறை படுக்கவைத்து மட்டும் பார்க்காமல், நிற்கவைத்து முக்கச் சொல்லியும் பார்த்தோம். முன்சுவர் +3. வால்ட் −1. பின்சுவர் −1. யோனி வாய் 5.5 செ.மீ., பெரினியத்தின் நீளம் 2 செ.மீ.தான், யோனியின் நீளம் 8 செ.மீ.

வால்ட் −1 என்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது வெளியே வரவில்லை, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது முன்னால் புடைக்கும் சிறுநீர்ப்பைதான். ஆனால் 8 செ.மீ. நீள யோனியின் உச்சி −7 அருகில் நிற்க வேண்டும். −1ல் நிற்கிறது என்றால் ஆறு சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்று பொருள். எங்கள் பயிற்சி மருத்துவர் முதலில் "சிஸ்டோசீல் திரும்ப வந்திருக்கு" என்று, அதாவது சிறுநீர்ப்பை இறக்கம் என்று மட்டும், எழுதியிருந்தார். வால்ட் தழும்பை ஒரு ஃபோர்செப்ஸால் மெல்லப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டு நோயாளியை முக்கச் சொன்னோம். +3ல் இருந்த முன்சுவர் ஹைமனைத் தாண்டவே இல்லை. சிறுநீர்ப்பையைத் தொடாமலேயே அதன் இறக்கத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அரை நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையை முதல் முறையே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

புடைத்த சுவரில் உரசி உரசி ஒன்றரை சென்டிமீட்டர் புண் ஒன்று இருந்தது. ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஐந்து வாரம் போட்டதும் ஆறியது. ஆறாமல் இருந்திருந்தால் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்போம். சிறுநீர் கழித்த பிறகு பையில் 180 மி.லி. தங்கியிருந்தது. பெரிய இறக்கத்தில் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாய்கள் வளைந்து சிறுநீரகம் வீங்கிவிடும் என்பதால் ஸ்கேன் பார்த்தோம், அங்கே ஒன்றும் இல்லை. மலச்சிக்கல் பல வருடமாக இருந்தது. அதைச் சரிசெய்யாமல் கத்தியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

கடைசியாக, சிறுநீர்ப்பையை 300 மி.லி. நிரப்பி, இறக்கத்தை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னோம். சிறுநீர் பீச்சியது. அவருக்கே ஆச்சரியம், ஏனென்றால் வீட்டில் இருமினாலும் தும்மினாலும் கசிவதே இல்லை. இறங்கிய சிறுநீர்ப்பை மூத்திரக் குழாயை மடக்கி அடைத்துக்கொண்டிருந்தது. இறக்கத்தைச் சரிசெய்தால் அந்த மடிப்பு நிமிரும், ஒளிந்திருந்த கசிவு வெளியே வரும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இதைச் சொல்லாவிட்டால், பிறகு நோயாளி "நல்லா இருந்ததை நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்று சொல்வார். அவர் அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

இறக்கத்தைத் தாங்க யோனிக்குள் வைக்கும் வளையப் பெசரி ஒன்றை முதலில் வைத்துப் பார்த்தோம். மலம் கழிக்கும்போது இரண்டு முறை விழுந்துவிட்டது. வாய் அகலமாகவும் பெரினியம் குட்டையாகவும் இருந்தால் வளையம் நிற்பது கஷ்டம். யோனியை ஏறக்குறைய மூடித் தைத்துவிடும் கால்போக்ளைசிஸ், வயதான, தாம்பத்திய உறவு வேண்டாம் என்று தெளிவாக முடிவு செய்த பெண்களுக்கு மிக நல்ல சிகிச்சை. பலருக்குப் பெரிய மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. இவருக்கு 56 வயது, கணவருடன் உறவு இருக்கிறது. கேள்வி அங்கேயே முடிந்தது.

மீதி இருந்தவை இரண்டு. வயிற்று வழியாக, லேப்ராஸ்கோப்பி மூலம், வால்ட்டுடன் மெஷ் என்ற செயற்கை வலை ஒன்றைத் தைத்து அதை முதுகெலும்பின் அடியில் உள்ள சாக்ரம் எலும்பின் முன்னால் ஓடும் லிகமென்டில் கட்டும் சாக்ரோகால்போபெக்ஸி. அல்லது யோனி வழியாக, மெஷ் இல்லாமல், வால்ட்டை, இஸ்கியல் முள்ளிலிருந்து சாக்ரம் வரை ஓடும் சாக்ரோஸ்பைனஸ் லிகமென்டில் நேரடியாகத் தைப்பது.

என் மனம் முதலாவதன் பக்கம்தான் இருந்தது. ஒருமுறை தோற்றவர், வயது குறைவு, முன்சுவர் பலவீனம். 2016ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்குப்படி, சாக்ரோகால்போபெக்ஸிக்குப் பிறகு 100ல் 7 பேர் இறக்கத்தை உணர்ந்தால், யோனி வழி முறைகளுக்குப் பிறகு சுமார் 14 பேர் உணர்வார்கள். சாக்ரோஸ்பைனஸ் முறையில் இன்னொரு குறையும் உண்டு: அது உச்சியைப் பின்னோக்கி இழுப்பதால் முன்சுவர் திறந்து கிடக்கும், வயிற்று அழுத்தம் நேராக அதன்மேல் விழும். திரும்ப வருவதானால் பெரும்பாலும் அங்கேதான்.

ஆனால் மெஷ் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத் தடை பண்ணிட்டாங்களாமே?" பாதி உண்மை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008லும் 2011லும் எச்சரித்துவிட்டு, 2019 ஏப்ரலில், இறக்கத்துக்காக யோனி வழியாகப் பொருத்தும் மெஷ்களின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வைக்கும் மெஷ் அந்த உத்தரவில் வராது. யோனிக் காயத்தின் ஊடாக வைப்பதைவிட அங்கே மெஷ் வெளியே துருத்துவது குறைவு. குறைவு என்றால் இல்லை என்று ஆகாது: சாக்ரோகால்போபெக்ஸி செய்துகொண்டவர்களை வைத்து நடந்த கேர் ஆய்வில் பங்கேற்றவர்களை நீண்டகாலம் பார்த்து 2013ல் வெளியிட்ட கணக்கில், ஏழு வருடத்தில் மெஷ் அல்லது தையல் துருத்திக்கொண்டு வரும் வாய்ப்பு 10.5 சதவீதம். இதையும் சொன்னேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, மெஷ் வேண்டாம் என்றார். "திரும்ப இறங்கினா திரும்ப வர்றேன். எடுக்க முடியாத ஒண்ணு உள்ள இருக்க வேண்டாம்." நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமா என்று பிறகு யோசித்தேன். கூடாது. இரண்டு வழிக்கும் தனித்தனிக் குறை இருக்கும்போது, எந்தக் குறையோடு வாழ முடியும் என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவர்தான்.

கசிவுக்காக மூத்திரக் குழாயின் அடியில் போடும் நாடாவான ஸ்லிங்கை அப்போதே சேர்த்துப் போடலாமா என்பதும் பேச்சில் வந்தது. கசிவுப் புகார் இல்லாத பெண்களை வைத்து நடந்த ஓபஸ் ஆய்வில், மூன்று மாதத்தில் ஸ்லிங் போட்டவர்களில் 23.6 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 49.4 சதவீதம் பேருக்கும் கசிவோ அதற்கான சிகிச்சையோ இருந்தது. சிறுநீர்ப்பையில் துளை, ரத்தக்கசிவு, சிறுநீர்த் தொற்று போன்றவை ஸ்லிங் போட்டவர்களிடம் அதிகம். ஸ்லிங்கும் மெஷ்தான் என்பதால் அவர் ஒரே வார்த்தையில் முடித்தார். வந்தால் பார்த்துக்கொள்வோம்.

அறுவை சிகிச்சை

முதலில் முன்சுவர். பழைய தழும்பில் சிறுநீர்ப்பை ஒட்டியிருந்ததால் பிரிப்பதற்கே அரைமணி நேரம் ஆனது. சுவரைத் தாராளமாக வெட்டி எறியும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 8 செ.மீ. யோனியில் அந்தத் தாராளம் ஆபத்து. மடிப்புத் தையல் போட்டு, ஓரத்தை மட்டும் நறுக்கி மூடினோம்.

அடுத்து பின்சுவரைத் திறந்து, மலக்குடலை நடுவாக்கில் ஒதுக்கி, வலப்பக்கம் விரலை நுழைத்து இஸ்கியல் முள்ளைத் தேடினோம். வலப்பக்கம் ஏன் என்றால், இடப்பக்கம் குடல் குறுக்கே வரும், வலக்கைக்காரருக்கும் வலப்பக்கமே வசதி. முள்ளிலிருந்து சாக்ரம் வரை ஓடும் லிகமென்ட் காக்சிஜியஸ் தசைக்குள் பொதிந்திருக்கும், விரலுக்குக் கயிறு மாதிரித் தட்டுப்படும். ஊசி எங்கே இறங்குகிறது என்பதுதான் இந்த அறுவை சிகிச்சையின் உயிர். முள்ளை ஒட்டிக் குத்தினால் புடெண்டல் நரம்பும் ரத்தக்குழாயும் அங்கே இருக்கின்றன. அதிகமாக உள்ளே போனால் சாக்ரல் நரம்புகள். லிகமென்டின் மேல் விளிம்பைத் தாண்டினால் குளூட்டியல் தமனி, அது கிழிந்தால் அந்தக் குழிக்குள் ரத்தத்தை அடக்குவது பெரும்பாடு. முள்ளிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, லிகமென்டின் முழுத் தடிமனையும் துளைக்காமல், மெல்லக் கரையும் பிடிஎஸ் தையல் இரண்டு போட்டோம். இழுத்துப் பார்த்தால் நோயாளியின் இடுப்பே சற்று அசைய வேண்டும். அப்போதுதான் லிகமென்டைப் பிடித்திருக்கிறோம், வெறும் தசையை அல்ல.

முடிச்சை உடனே போடவில்லை. சிறுநீர்ப்பைக்குள் சிஸ்டோஸ்கோப் விட்டு இரண்டு சிறுநீர்க்குழாய்களிலிருந்தும் சிறுநீர் பீறிடுவதைப் பார்த்தோம், மலக்குடலில் விரல் விட்டு உள்ளே தையல் வரவில்லை என்று உறுதி செய்தோம். பின்சுவரின் மேல்பாதியை மூடிவிட்டு, வால்ட் லிகமென்டோடு ஒட்டும் வரை முடிச்சை இறக்கினோம். நடுவில் இடைவெளி விட்டு ஊஞ்சல்போலத் தொங்கவிட்டால், தையல் கரையும் நாளில் உச்சியும் இறங்கிவிடும்.

கடைசியில், முதல் முறை செய்யாமல் விட்ட பெரினியம். கிழிந்து ஒதுங்கியிருந்த தசைகளை நடுவில் சேர்த்து வாயை 3.5 செ.மீ. ஆக்கினோம். லெவேட்டர் தசையை இழுத்துக் கட்டினால் இன்னும் இறுக்கமாக வரும், ஆனால் உறவின்போது வலிக்கும். தொடவில்லை. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம், ரத்த இழப்பு சுமார் 150 மி.லி.

பின்னர்

மறுநாள் சிறுநீர்ப்பையை 300 மி.லி. நிரப்பிக் கதீட்டரை எடுத்தோம், 230 மி.லி. தானாகப் போனார். அதே நாள் வலப்பக்கப் பிட்டத்தில் வலி. உட்கார்ந்தால் அதிகம், பத்துக்கு ஆறு என்றார். சாக்ரோஸ்பைனஸ் தையலுக்குப் பிறகு இந்த வலி சகஜம், பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் அடங்கும். ஆனால் சகஜம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் கடும் வலி, மரத்துப்போதல், பாதத்தில் பலமின்மை என்று ஏதாவது இருந்தால் நரம்பு மாட்டியிருக்கிறது, தையலைக் காத்திருக்காமல் எடுக்க வேண்டும். தினமும் காலைத் தூக்கவைத்து, தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஐந்தாவது வாரத்தில் வலி போய்விட்டது.

எதிர்பார்த்தபடியே மூன்றாம் மாதத்தில் தும்மும்போது கசிவு. முன்பே பேசியிருந்ததால் பதற்றம் இல்லை. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் மூன்று மாதம் செய்தார். கசிவு முழுதாக நிற்கவில்லை, நாளைக்கு ஒரு பேட் என்பது வாரத்துக்கு ஒன்று என்றானது. அதோடு அவருக்குத் திருப்தி. மலச்சிக்கலுக்கான மருந்து தொடர்கிறது, முக்குவது குறைந்திருக்கிறது.

ஒரு வருடத்தில் அளந்தபோது வால்ட் −6, பின்சுவர் −3, யோனி வாய் 3.5 செ.மீ. தங்கும் சிறுநீர் 40 மி.லி. முன்சுவர் −1.

இந்த −1தான் எங்கள் கூட்டத்தில் விவாதமானது. பாப்-க்யூ கணக்கில் −1 என்றால் இரண்டாம் நிலை இறக்கம். அப்படியானால் மறுபடி தோல்வியா? பிள்ளை பெற்ற, எந்தப் புகாரும் இல்லாத பெண்களை அளந்தாலே பலருக்கு இந்த அளவு வரும். ஹைமனைத் தாண்டும்போதுதான் பெரும்பாலும் "ஏதோ வருது" என்ற உணர்வு தொடங்குகிறது. கேர் ஆய்வின் தரவை வைத்து 2009ல் வெளியான அலசலும், நோயாளி தன் சிகிச்சையை வெற்றி என்று சொல்வது அந்த உருண்டை உணர்வு போனதைப் பொறுத்தே இருக்கிறது, சென்டிமீட்டரை அவ்வளவாகப் பொறுத்தில்லை என்று காட்டியது.

அதற்காக ஓய்ந்து உட்கார முடியாது. சாக்ரோஸ்பைனஸ் முறையையும் யூட்டரோசாக்ரல் முறையையும் ஒப்பிட்ட ஆப்டிமல் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2018ல் வந்தது. உச்சி மூன்றில் ஒரு பங்கு இறங்கினாலோ, சுவர் ஹைமனைத் தாண்டினாலோ, தொந்தரவு தரும் உருண்டை உணர்வு இருந்தாலோ, மறுசிகிச்சை நடந்தாலோ தோல்வி என்று வைத்துப் பார்த்ததில், யூட்டரோசாக்ரலில் 61.5 சதவீதம், சாக்ரோஸ்பைனஸில் 70.3 சதவீதம் தோல்வி. மறுசிகிச்சை வரை போனவர்கள் அதைவிட மிகக் குறைவு. இந்த எண்களை அவரிடம் மறைக்கவில்லை. "அப்போ இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்று சிரித்தார்.

அதன் பிறகு எங்கள் பிரிவின் அறுவை சிகிச்சைப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது: உச்சி எதில் கட்டப்பட்டது, எந்த மட்டத்தில், எந்தத் தையலால். காலியாக விட்டால் குறிப்பு முடிந்ததாகக் கணக்கில்லை. அவருக்கு அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து, மாலையில். காலையில் வந்தால் ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே சொன்னவர் அவர்தானே.